'ஸ்டார்ட்'டுக்கு மாற்றுச் சொல் போட்டால் வாக்கியமே ஏன் தப்பாகிறது?

வரைவுக்காரர்:

வணக்கம். ஒரு பக்க ஆங்கில அறிக்கையில் 'ஸ்டார்ட்' ஆறு தடவை வந்துவிட்டது. படிக்கச் சலிப்பாக இருந்ததால் அகராதியில் இணைச்சொற்களைத் தேடி மாற்றினேன். மாற்றிய பிறகுதான் வினையே. சரிபார்த்தவர் இந்த ஐந்தையும் சுழித்துத் திருப்பிவிட்டார்:

1. 'தி மீட்டிங் இனிஷியேட்டட் அட் டென்.'
2. 'ப்ளீஸ் கமென்ஸ் தி ஜெனரேட்டர்.'
3. 'ஐ ஹேவ் பிகேன் தி ரிப்போர்ட்.'
4. 'தி ட்ரெய்னிங் வாஸ் ஸ்டார்ட்டட் ஃப்ரம் மண்டே.'
5. 'தேர் வாஸ் எ ப்ராப்ளம் ஃப்ரம் தி ஸ்டார்ட்டிங் இட்செல்ஃப்.'

அகராதியில் எல்லாவற்றுக்கும் 'தொடங்கு' என்றுதானே போட்டிருக்கிறது? எது எங்கே பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒற்றுப்பிழை:

ஐந்தும் ஐந்து வேறு காரணத்தால் தப்பு. அதனால் ஒவ்வொன்றாகவே பார்ப்போம்.

முதல் வாக்கியம். தமிழில் 'தொடங்கு' இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 'கூட்டம் தொடங்கியது' என்றும் சொல்லலாம், 'கூட்டத்தைத் தொடங்கினார்' என்றும் சொல்லலாம். 'ஸ்டார்ட்', 'பிகின்', 'கமென்ஸ்' மூன்றும் அதே மாதிரி. 'இனிஷியேட்' அப்படியல்ல. அதற்கு ஒரு ஆள் வேண்டும், 'எதை' என்ற கேள்விக்குப் பதிலும் வேண்டும். 'ஷி இனிஷியேட்டட் தி டிஸ்கஷன்' சரி. கூட்டம் தானாக 'இனிஷியேட்' ஆகாது. 'இனாகுரேட்'டும் இதே கட்சிதான். 'லாஞ்ச்' முன்பு இந்தப் பக்கம் இருந்தது. இப்போது 'தி ஆப் லாஞ்சஸ் டுமாரோ' என்று தனித்தும் எழுதுகிறார்கள், யாரும் தப்பு சொல்வதில்லை. அகராதியில் பொருளை மட்டும் பார்க்காமல், அந்த வினை செயப்படுபொருள் கேட்கிறதா என்ற குறிப்பையும் பாருங்கள். இணைச்சொல் பட்டியலில் அந்தக் குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. பாதித் தவறு அங்கேதான் பிறக்கிறது.

கூடவே, 'இனிஷியேட்' வெறும் தொடக்கமும் அல்ல. பலர் சேர்ந்து பின்னால் நடத்தப்போகும் ஒன்றுக்கு முதல் அடி எடுத்து வைப்பது. பேச்சுவார்த்தை, விசாரணை, சீர்திருத்தம், நடவடிக்கை இவற்றுக்குப் பொருந்தும். சாப்பாட்டையோ தூக்கத்தையோ 'இனிஷியேட்' செய்ய முடியாது.

இரண்டாவது. இயந்திரம், வண்டி, எஞ்சின், ஜெனரேட்டர் எதுவானாலும் 'ஸ்டார்ட்' மட்டும்தான். 'பிகின் தி கார்' என்றாலும் தப்பு. ஓடாவிட்டால் 'தி கார் வோன்ட் ஸ்டார்ட்'. நாம் சொல்லும் 'ஸ்டார்ட்டிங் ட்ரபிள்' வெளியே எல்லோருக்கும் புரியாது. மின்விசிறி, விளக்குக்கு 'ஸ்டார்ட்'டும் ஒத்துவராது, 'டர்ன் ஆன்' அல்லது 'ஸ்விட்ச் ஆன்'. 'ஃபேனைப் போடு' என்பதை அப்படியே தூக்கி 'புட் தி ஃபேன்' என்று வைத்தால், விசிறியை எங்கே வைக்க என்று கேட்பார்கள்.

மூன்றாவது. 'பிகின், பிகேன், பிகன்'. 'ஹேவ், ஹேஸ், ஹேட்' வந்தால் 'பிகன்'. எதுவும் இல்லாமல் தனியே நின்றால் 'பிகேன்'. ஆக, 'ஐ பிகேன் தி ரிப்போர்ட் எஸ்டர்டே', 'ஐ ஹேவ் பிகன் தி ரிப்போர்ட்'. 'சிங், சேங், சங்', 'ரிங், ரேங், ரங்' அதே ஓசை வரிசைதான், அதோடு சேர்த்து வாயில் ஓட்டிக்கொண்டால் மறக்காது. எழுதும்போது ஐயம் வந்தால் பேசாமல் 'ஸ்டார்ட்டட்' போடுங்கள். அதற்கு இரண்டு இடத்திலும் ஒரே உருவம்.

நான்காவதில் இரண்டு தவறு. நாம் 'ஸ்டார்ட் பண்ணு', 'ஸ்டார்ட் ஆகு' என்று பிரித்துப் பழகியவர்கள். 'ஆச்சு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் காட்டுவது என்று தேடி 'வாஸ்' போட்டுவிடுகிறோம். தேவையில்லை. வகுப்பு, கூட்டம், மழை, பயிற்சி எல்லாம் வெறுமனே 'ஸ்டார்ட்டட்'. 'வாஸ் ஸ்டார்ட்டட்' வரும் இடம் வேறு: யாரோ உருவாக்கினார் என்பது முக்கியமாக இருக்கும்போது. 'தி கம்பெனி வாஸ் ஸ்டார்ட்டட் பை டூ சிஸ்டர்ஸ்' சரி.

அடுத்தது 'ஃப்ரம்'. 'திங்கட்கிழமையிலிருந்து பயிற்சி' என்று சொல்லும்போது, அன்று தொடங்கி நீளும் ஒரு கோட்டைத் தமிழ் பார்க்கிறது. ஆங்கில 'ஸ்டார்ட்' ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். அதனால் மணிக்கு 'அட் டென்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன் மண்டே', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன் ஜூன்'. 'ஃப்ரம்' வேண்டுமானால் நீடிக்கும் வினையோடு வையுங்கள்: 'தி ஆஃபீஸ் இஸ் ஓப்பன் ஃப்ரம் நைன் டு ஃபைவ்'. விலைக்கும் ஆரம்ப நிலைக்கும் மட்டும் விலக்கு உண்டு: 'ப்ரைசஸ் ஸ்டார்ட் ஃப்ரம்...', 'ஸ்டார்ட் ஃப்ரம் ஸ்கிராட்ச்' இரண்டும் சரிதான்.

ஐந்தாவது நம் ஊர்க்காரர் எல்லோரும் செய்வது. 'ஸ்டார்ட்டிங்கிலேயே' என்று நாம் பேசுவதால் அது பெயர்ச்சொல் மாதிரி காதில் விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்டிங்' இன்னொரு பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுதான் வரும்: 'ஸ்டார்ட்டிங் பாயிண்ட்', 'ஸ்டார்ட்டிங் சாலரி', 'ஸ்டார்ட்டிங் லைன்'. தனியே நிற்கும் பெயர் 'ஸ்டார்ட்' அல்லது 'பிகினிங்'. அந்த 'இட்செல்ஃப்' நம்முடைய ஏகாரம். 'தொடக்கத்திலிருந்தே' என்பதில் வரும் '-ஏ'வை ஆங்கிலத்தில் சுமப்பது 'வெரி'. ஆக, 'ஃப்ரம் தி வெரி ஸ்டார்ட்' அல்லது 'ஃப்ரம் தி வெரி பிகினிங்'.

சுருக்கெழுத்து:

மேலே சொன்னது எல்லாம் சரி. 'ஸ்டார்ட்', 'பிகின்' இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டும் சேர்க்கிறேன்.

பத்தில் எட்டு இடத்தில் இரண்டும் ஒன்றுதான். 'பிகின்' கொஞ்சம் நிதானமான எழுத்து நடை. 'ஸ்டார்ட்' பேச்சுக்கும் எழுத்துக்கும் பொது. 'பிகின்' புக முடியாத இடங்களைத் தெரிந்துகொண்டால் போதும். இயந்திரம் சொல்லியாயிற்று. ஒன்றை உண்டாக்கும் இடமும் அப்படித்தான்: தீ, வதந்தி, சண்டை, தொழில். 'ஹூ ஸ்டார்ட்டட் தி ஃபயர்?' என்பதில் 'பிகேன்' போட்டால் காது ஏற்காது. இதற்கு 'ஸ்டார்ட்'டின் பழைய பொருளும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சொல் முதலில் குறித்தது துள்ளலை, திடுக்கிடலை. 'ஷி வோக் வித் எ ஸ்டார்ட்' என்று படித்தால் 'தொடக்கத்தோடு எழுந்தாள்' என்று பெயர்த்துவிடாதீர்கள். திடுக்கிட்டு விழித்தாள். 'திடுக்கிட வை' என்ற பொருளுள்ள 'ஸ்டார்ட்டில்' என்ற வினை இதன் உறவுக்காரச் சொல்.

பின்னால் இன்னொரு வினை வந்தால் 'டு'வா 'இங்'கா என்று குழப்பம் வரும். 'இட் ஸ்டார்ட்டட் டு ரெய்ன்', 'இட் ஸ்டார்ட்டட் ரெய்னிங்' இரண்டும் நடக்கும். ஆனால்:

முன்னாலேயே 'ஸ்டார்ட்டிங்', 'பிகினிங்' என்று வந்துவிட்டால் பின்னால் 'டு' போடுங்கள். 'இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெய்ன்'. இரண்டு 'இங்' அடுத்தடுத்து வந்தால் சக்கரம் கிரீச்சிடும்.

'அண்டர்ஸ்டாண்ட்', 'நோ', 'ரியலைஸ்' மாதிரி மனத்துக்குள் நிகழ்பவற்றுக்கு 'டு'தான். 'ஐ பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்'. மெல்ல மெல்ல நிகழும் இந்த மாதிரி மாற்றத்துக்கு 'பிகின்' அழகாகப் பொருந்தும்.

செயல் நடுவில் நின்றுபோனால் 'டு'வே பொருத்தம். 'ஹி ஸ்டார்ட்டட் டு ஸ்பீக், பட் தி லைன் வென்ட் டெட்'. பேச வாயெடுத்தார், அவ்வளவுதான். 'ஸ்டார்ட்டட் ஸ்பீக்கிங்' என்றால் நாலு வார்த்தையாவது பேசிவிட்டார் என்ற தொனி.

'கமென்ஸ்' பற்றி என் கருத்தைக் கேட்டால், மின்னஞ்சலில் வேண்டாம். ஒப்பந்தம், விதிமுறை, டெண்டர், விழா அறிவிப்பு, விமான அறிவிப்பு, இங்கெல்லாம் அது தன் வீட்டில் இருக்கிறது. சக ஊழியருக்கு 'ஐ வில் கமென்ஸ் தி வொர்க்' என்று எழுதினால் 'யான் பணியினைத் துவக்குகின்றேன்' என்ற மாதிரி கேட்கும். போட்டே ஆகவேண்டும் என்றால் பின்னால் பெயரோ 'இங்' வடிவமோ வையுங்கள்: 'கமென்ஸ் டிரேடிங்'. 'கமென்ஸ் டு டிரேட்' இப்போது வழக்கில் இல்லை. இன்னொன்று: 'கமென்ஸ்மென்ட்' என்று அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தால் அது வகுப்புத் தொடக்கம் அல்ல, பட்டமளிப்பு விழா. முடித்துக்கொண்டு போகும் நாளுக்குத் தொடக்கம் என்று பெயர்.

வரைவுக்காரர்:

நன்றி, இருவருக்கும். நாலாவதில் 'வாஸ்' எதற்குப் போட்டேன் என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது. இன்னும் மூன்று ஐயம். 'கிளம்பிட்டேன்' என்பதற்கு 'ஐ ஹேவ் ஸ்டார்ட்டட்' சரியா? 'அட் தி பிகினிங்', 'இன் தி பிகினிங்' எது எங்கே? மழை, நோய், போர் இவற்றின் தொடக்கத்துக்குத் தனிச் சொல் உண்டா?

நடுப்பக்கம்:

'கிளம்பிட்டேன்' முதலில். 'ஐ ஹேவ் ஸ்டார்ட்டட்' என்று மட்டும் சொன்னால் கேட்பவர் 'எதை?' என்று காத்திருப்பார். 'ஐ ஹேவ் லெஃப்ட்', 'ஐ ஆம் ஆன் மை வே' என்பதுதான் இன்றைய பேச்சு. இன்னும் கிளம்பவில்லை, கிளம்பப்போகிறேன் என்றால் 'ஐ ஆம் லீவிங் நவ்'. பயணம் புறப்படுவதற்கு 'செட் ஆஃப்' நல்ல சொல்: 'வி செட் ஆஃப் அட் சிக்ஸ்'. இது இறந்தகாலத்திலும் 'செட்'தான், 'செட்டட்' கிடையாது. இதற்கு இன்னொரு முகமும் உண்டு: 'செட் ஆஃப் தி அலாரம்' என்றால் அலறவைப்பது. 'செட் அவுட்' புறப்பாட்டுக்கும் வரும், ஒரு நோக்கத்தோடு இறங்குவதற்கும் வரும்: 'ஷி செட் அவுட் டு ப்ரூவ் தெம் ராங்'. 'எம்பார்க்' நீண்ட, பெரிய காரியத்துக்கு. 'ஆன்' இல்லாமல் எழுதாதீர்கள்: 'எம்பார்க் ஆன் எ ப்ராஜெக்ட்'. நாலு வரி மின்னஞ்சல் எழுதுவதற்கு 'எம்பார்க்' ஆவது, தெருமுனைக்குப் போகக் கப்பல் ஏறுவது மாதிரி.

'அட் தி பிகினிங்' என்றால் ஒன்றின் தலைப்பக்கம். பின்னால் 'ஆஃப்' வரும்: 'அட் தி பிகினிங் ஆஃப் தி சாப்டர்'. 'இன் தி பிகினிங்' என்றால் ஆரம்பத்தில் அப்படி இருந்தது, பிறகு மாறிவிட்டது. இந்த இரண்டாவது பொருளுக்குத் தினசரிப் பேச்சில் 'அட் ஃபர்ஸ்ட்' போதும். நீங்கள் கேட்காத ஒரு பள்ளம் இங்கே இருக்கிறது. நம் 'முதலில்' இரண்டு வேலை செய்யும். 'முதலில் பிடிக்கவில்லை, அப்புறம் பிடித்தது' என்பது 'அட் ஃபர்ஸ்ட்'. 'முதலில் கதவைச் சாத்து, அப்புறம் பேசு' என்பது வெறும் 'ஃபர்ஸ்ட்'. செய்முறைக் குறிப்பில் 'அட் ஃபர்ஸ்ட் க்ளோஸ் தி டோர்' என்று எழுதினால் தப்பு.

செய்முறை என்றதும் இன்னொன்று. 'பிகின் வித்' பின்னால் பொருள்: 'பிகின் வித் தி கேபிள்'. 'பிகின் பை' பின்னால் செயல்: 'பிகின் பை செக்கிங் தி கேபிள்'. 'ஸ்டார்ட்'டுக்கும் இதே கணக்கு.

மூன்றாவது கேள்விதான் வளமானது. தானாக வருபவற்றுக்கு ஆங்கிலம் தனித்தனி வினை வைத்திருக்கிறது. போர், தீ, தொற்றுநோய், கலவரம் 'பிரேக் அவுட்' ஆகும். நம் 'மூண்டது', 'வெடித்தது'. தானாக மூள்வதால் இதற்கு 'எதை' கிடையாது. யாரும் போரை 'பிரேக் அவுட்' செய்ய முடியாது. வந்து, விலகாமல் படிந்துவிடுவது 'செட் இன்': குளிர்காலம், விடாமழை, சோர்வு, அழுகல். 'பிடித்துக்கொண்டது' என்போமே, அது. 'ஆன்செட்' பெயர்ச்சொல், இதே குடும்பம்: 'ஆன்செட் ஆஃப் ஃபீவர்', 'ஆன்செட் ஆஃப் வின்டர்'. பெரும்பாலும் விரும்பாதவை வரும்போதுதான் சொல்வார்கள். 'ஆன்செட் ஆஃப் தி ஹாலிடேஸ்' என்று எழுதினால் விடுமுறையை நோய் என்று நினைக்கிறீர்கள் என்றாகும். 'அவுட்செட்' இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 'அட் தி அவுட்செட்', 'ஃப்ரம் தி அவுட்செட்' என்ற இரண்டு தொடரில்தான் அநேகமாக வாழ்கிறது. நிறுவனம், திட்டம் தோன்றிய நாளுக்கு 'இன்செப்ஷன்': 'சின்ஸ் இட்ஸ் இன்செப்ஷன்'.

அழுகை 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்' அல்லது 'பர்ஸ்ட் அவுட் க்ரையிங்'. இவற்றைக் கலந்து 'பர்ஸ்ட் அவுட் டியர்ஸ்' என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை. அறிமுகமில்லாதவரோடு பேச்சுக் கொடுப்பது 'ஸ்ட்ரைக் அப் எ கான்வர்சேஷன்'. புதுப் பொழுதுபோக்கில் இறங்குவது 'டேக் அப்'. இழுத்தடித்துக்கொண்டிருந்த வேலையில் கடைசியாக உட்காருவது 'கெட் டவுன் டு'. இந்த 'டு'வுக்குப் பின்னால் 'இங்' வரும்: 'கெட் டவுன் டு ரைட்டிங்'.

கூட்டத்துக்கு 'கிக் ஆஃப்' சொல்லலாம். கால்பந்திலிருந்து வந்தது, சக ஊழியர்களோடு பேசச் சரி. இரங்கல் கூட்டத்துக்கு வேண்டாம்.

பழுப்புத்தாள்:

ஒரு சின்ன மறுப்பு. புறப்பாட்டுக்கு 'ஸ்டார்ட்' தப்பே என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது சரியல்ல. பழைய ஆங்கில நாவல்களில் 'ஸ்டார்ட்டட் ஃபார் ஹோம்' தாராளமாக வரும். இன்றும் 'வி ஸ்டார்ட் அட் சிக்ஸ் டுமாரோ' என்று பயணத் திட்டத்தில் சொன்னால் புரியும். தொலைபேசியில் தனியே 'ஐ ஸ்டார்ட்டட்' என்பதுதான் அந்தரத்தில் தொங்குகிறது.

இனி வரைவுக்காரரின் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். ஆறு 'ஸ்டார்ட்'டை ஆறு வேறு சொல்லாக மாற்றுவது மருந்தே அல்ல. வாசகர் 'இனிஷியேட்', 'கமென்ஸ்', 'லாஞ்ச்' மூன்றையும் ஒரே பக்கத்தில் பார்த்தால், மூன்று வேறு நிகழ்ச்சி நடந்தது என்று நினைப்பார். அறிக்கையில் ஒரே காரியத்துக்கு ஒரே சொல் வருவது குறை அல்ல. முதலில் பார்க்க வேண்டியது, அந்த 'ஸ்டார்ட்' அங்கே வேண்டுமா என்பதை. 'வி ஸ்டார்ட்டட் டு செக் தி ஃபைல்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். சோதித்து முடித்துவிட்டீர்களா? அப்படியானால் 'வி செக்ட் தி ஃபைல்ஸ்'. இன்னும் நடக்கிறதா? 'வி ஆர் செக்கிங்'. இந்த ஒரு சலிப்பிலேயே ஆறில் பாதி உதிர்ந்துவிடும்.

மிச்சத்தில் சிலவற்றுக்கு வினையைவிடப் பெயரடை கைகொடுக்கும். கணக்கில் தொடக்க இருப்பு 'ஓப்பனிங் பேலன்ஸ்', முதல் கட்டச் செலவு 'இனிஷியல் காஸ்ட்'. இவற்றை 'ஸ்டார்ட்டிங் டைம் காஸ்ட்' என்றெல்லாம் சுற்றிவளைக்க வேண்டியதில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது 'ரெஸ்யூம்'. அதற்குள்ளேயே 'மறுபடி' இருப்பதால் 'ரெஸ்யூம் அகெய்ன்' மிகை. முதலிலிருந்து மறுபடி செய்வது 'ஸ்டார்ட் ஓவர்' அல்லது 'ஸ்டார்ட் அகெய்ன்', முன்னது அமெரிக்க வழக்கு. நின்றுபோன இயந்திரத்துக்கும் கணினிக்கும் 'ரீஸ்டார்ட்'. வேலை இடைவேளைக்குப் பின் 'ரீஸ்டார்ட்' என்று எழுதினால் செய்தது எல்லாம் போய்விட்டதோ என்ற பயம் வரும்.

'டு ஸ்டார்ட் வித்' பற்றியும் ஒரு சொல். வாக்கியத் தலையில் நின்று, பின்னால் காற்புள்ளி வந்தால் பெரும்பாலும் 'முதலாவதாக'. கடைசியில் வந்தால் 'ஆரம்பத்தில்': 'ஐ வாஸ் நெர்வஸ் டு ஸ்டார்ட் வித்'. இடம் மாறினால் பொருள் மாறும்.

வரைவுக்காரர்:

திருத்திப் பார்த்தேன். இப்போது ஆறு இரண்டாகிவிட்டது:

'தி ட்ரெய்னிங் ஸ்டார்ட்டட் ஆன் மண்டே. அட் ஃபர்ஸ்ட், தி ஜெனரேட்டர் வுட் நாட் ஸ்டார்ட். வி செக்ட் தி ஃபியூயல் லைன் அண்ட் ரெஸ்யூம்ட் தி செஷன் அட் லெவன். சம் ட்ரெய்னீஸ் ஹேவ் பிகன் அண்டர்ஸ்டாண்டிங் தி சிஸ்டம்.'

ஒற்றுப்பிழை:

கடைசி வரி மட்டும்: 'ஹேவ் பிகன் டு அண்டர்ஸ்டாண்ட்'. மற்றது அப்படியே போகட்டும். இரண்டு 'ஸ்டார்ட்'டையும் தொடாதீர்கள்.